குமிழி வெளியே வராது: எம்.டி. ரேடியாலஜி வைவா, இரண்டாம் தடவை

நேற்று சாயங்காலம் வைவா (வாய்மொழித் தேர்வு) ரிசல்ட். பாஸ். அம்மாவுக்குப் போன் போட்ட கையோடு இதை எழுதுகிறேன்.

போன தடவை என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்வி. "கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் பண்ணப்போறீங்க. ஊசி போடுறதுக்கு முன்னாடி என்ன பார்ப்பீங்க?" யோசிக்காமல் "கிரியாட்டினின், சார்" என்றேன். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. சி.டி.க்கு அயோடின் ஊசி போடுவதற்கு முன் பார்ப்பது; மூன்று வருடம் சி.டி. ரூமில் நின்று பழகிய வாய். எக்ஸாமினர் பேனாவை மூடி வைத்தார். கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டில் ஊசியாகப் போடும் சோனோவியூ வெறும் நுண்ணிய குமிழிகள்; அதில் இருக்கும் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயு மூச்சோடு வெளியேறிவிடும், கிட்னிக்கு அங்கே வேலையே இல்லை. இது எனக்குத் தெரியும் என்பதுதான் வயிற்றெரிச்சல். அப்புறம் கேட்டதற்கெல்லாம் திக்கினேன்.

இந்தத் தடவை ஒரே வரியைப் பிடித்துக்கொண்டேன்: குமிழி ரத்தக் குழாயை விட்டு வெளியே வராது. சிவப்பணுவைவிடச் சின்னது, அதனால் நுரையீரல் கேபிலரியைத் தாண்டிவிடும். ஆனால் குழாய்ச் சுவரைத் தாண்டாது. சி.டி.க்குப் போடும் அயோடின் அப்படி இல்லை, திசுவுக்குள் கசியும். கொலாஞ்சியோகார்சினோமா (பித்தநாளப் புற்றுநோய்) சி.டி.யில் தாமதமாக எடுக்கும் படத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே, அதே கட்டி இதில் ஏன் பெரும்பாலும் 60 செகண்டுக்குள் கறுக்கிறது என்று கேட்டார்கள். அந்தக் கட்டியின் நார்த்திசுவுக்குள் அயோடின் போய்த் தங்கிவிடும், குமிழியால் போக முடியாது. அவ்வளவுதான் பதில். எக்ஸாமினர் தலையாட்டினார்.

மற்றவை, ஞாபகம் வந்த வரிசையில்:

- கேனுலா (ரத்தக் குழாயில் செருகும் ஊசிக் குழாய்) 20 ஜி (கேஜ்), அல்லது அதைவிடப் பெரியது. ஒல்லி ஊசியில் குமிழி உடையும்.
- மெக்கானிக்கல் இண்டெக்ஸ் (ஒலி அலை எவ்வளவு பலமாகத் தாக்குகிறது என்ற அளவு) 0.1 பக்கம். எகிறினால் குமிழி வெடித்துவிடும்.
- லிவர் ஃபேஸ்கள் (ஊசிக்குப் பிறகு லிவரில் மருந்து தெரியும் கட்டங்கள்): ஆர்ட்டீரியல் 10–20 செகண்டில் தொடங்கி 30–45 வரை. போர்ட்டல் 2 நிமிடம் வரை. பிறகு லேட்.
- ஹெச்.சி.சி. (லிவர் செல்லில் வரும் புற்றுநோய்) வாஷ்அவுட், அதாவது சுற்றியிருக்கும் லிவரைவிடக் கறுப்பது, 60 செகண்டுக்குப் பிறகு, அதுவும் லேசாக. முந்தினால் எல்.ஆர்.-எம். (புற்றுநோய்தான் போல, ஆனால் ஹெச்.சி.சி. என்று சொல்ல முடியாத வகை).
- சோனசாய்டு (இன்னொரு குமிழி மருந்து) பெயரை நீங்களாக எடுக்காதீர்கள். அதை லிவரில் இருக்கும் குப்ஃபர் செல் விழுங்கும். என் ஒற்றை வரி அங்கே படுத்துவிடும்.

1968இல் கிராமியாக், ஷா என்ற இரண்டு டாக்டர்கள் அல்ட்ராசவுண்டில் அயோர்ட்டா (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனி) வேரில் குமிழியைப் பார்த்த கதையை ஒரு ராத்திரி முழுக்க உருப்போட்டேன். யாரும் கேட்கவில்லை.

நான் உட்கார்ந்து படிக்கிற ஆள் இல்லை, வாய்விட்டுச் சொன்னால்தான் ஏறும். ரூம்மேட்டுக்கு லிவர் ஃபேஸ் எல்லாம் இப்போது அத்துப்படி, அவன் படிப்பது ஆர்த்தோ (எலும்பு).

அந்தப் பழைய கேள்வி இந்தத் தடவையும் வந்தது, வேறு எக்ஸாமினரிடமிருந்து. நான் சொன்னது: "முன்னாடி அலர்ஜி வந்திருக்கா, ஹார்ட், லங் எப்படி இருக்கு, எமர்ஜென்சி டிரே பக்கத்துல இருக்கா. கிரியாட்டினின் வேண்டாம், சார்." கடைசி வரி அவர் கேட்காமலே நானாகச் சொன்னது.