சதுரகிரிப் பாதையில் பாறைகளுக்கும் ஊற்றுகளுக்கும் உள்ள பெயர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுந்தர மகாலிங்கம் கோயில் இருக்கும் சதுரகிரியிலிருந்து இறங்கிய முழங்கால் வலி ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பேருந்து, நேரம், செலவு என்று வரிசையாக எழுதித் தருவதாகத்தான் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் மனம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருப்பவை, அந்தப் பாதையில் நடப்பவர்கள் பாறைக்கும் ஓடைக்கும் ஊற்றுக்கும் வழங்கிவரும் பெயர்கள்தான். ஆகவே வழியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் பேருந்தில் ஏறிக் கிருஷ்ணன்கோவிலில் இறங்க வேண்டும். அங்கிருந்து வத்திராயிருப்பு, அதற்கப்பால் மலையடிவாரமான தாணிப்பாறை. காலை 6 மணிக்கு வாயில் திறக்கிறார்கள். 10 மணிக்கு மேல் ஏற விடுவதில்லை. மலைமேல் இரவு தங்க அனுமதி இல்லை. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இந்தப் பாதை போவதால், பைகளைச் சோதித்துப் பிளாஸ்டிக்கை எடுத்துவிடுகிறார்கள். அது மிகச் சரியான ஏற்பாடு.

செலவைப் பார்த்துப் பார்த்துப் போகிறவன் நான். வத்திராயிருப்பில் விடியற்காலைப் பேருந்து வராததால் ஆட்டோவை நம்ப வேண்டியதாயிற்று. தாணிப்பாறைக்கு 300 ரூபாய் என்று பேசி ஏற்றிக்கொண்டவர், வண்டிகள் நிறுத்தும் திடலுக்கு வெகுதூரம் முன்பாகவே தோப்போரமாக நிறுத்தி, “இதுதான் தாணிப்பாறை, மேல போகணும்னா இன்னும் 100 ஆகும்” என்றார். ஊரும் தாணிப்பாறை, சோதனைச் சாவடியும் தாணிப்பாறை, மலையேறும் வாசலும் தாணிப்பாறை என்பதைத் தெரிந்துகொண்டு செய்யும் பிடுங்கல் அது. ஏறும்போதே “மலைவாசல் கேட் வரைக்கும்” என்று சொல்லிப் பேசுங்கள். 100 ரூபாய் மிஞ்சும்.

கோயில்களுக்கும் சித்தர் குகைகளுக்கும் தலபுராணம் பெயர் தந்திருக்கிறது. நான் சொல்ல வருவது அவற்றைப் பற்றியல்ல. சாமியும் இல்லாத, கல்வெட்டும் இல்லாத வெறும் பாறைகளுக்கும் நீர்க்கசிவுகளுக்கும், ஏறி இறங்கிய கால்கள் வைத்த பெயர்களைப் பற்றித்தான். அடிவாரத்தில் ராஜகாளியம்மனையும் பேச்சியம்மனையும் கும்பிட்டுக் கிளம்பினால் குதிரை ஊற்று வருகிறது, அதையொட்டி வழுக்குப்பாறை. பெயரைக் கேட்டதுமே முன்னால் போன பெரியவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நானும் வெறுங்காலோடு ஏறினேன். எத்தனையோ பாதங்கள் பட்டுப் பட்டு எண்ணெய் தேய்த்ததைப் போல் மினுங்கும் அந்தப் பாறையில், விரல்களை அகட்டி ஊன்றினால்தான் பிடி கிடைக்கிறது. படிவெட்டிப்பாறை என்றால் பாறையில் வெட்டிய படியில் கால் வைக்கலாம் என்று மனம் தேறிக்கொள்கிறது. சங்கிலிப்பாறை என்று காதில் விழும்போதே, ஒரு காலத்தில் சங்கிலியைப் பிடித்துக் கடந்த இடம் அது என்பதும், கையிலிருக்கும் சாமானைத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகின்றன. எச்சரிக்கைப் பலகை எதுவும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடாது.

எனக்கு முன்னும் பின்னுமாக ஒரே நிறச் சட்டை அணிந்த மலையேற்றக் குழு ஒன்று வந்துகொண்டிருந்தது. அவர்களை நடத்திவந்த இளைஞர் ஒவ்வொரு நிறுத்தத்தையும் “பாயிண்ட் ஒன்று”, “பாயிண்ட் இரண்டு” என்று எண்ணிச் சொல்லிக்கொண்டு வந்தார். குழுவில் ஒரு பெண் அடுத்து எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று கேட்டதற்கு, “பாயிண்ட் நாலு தாண்டிக் கிடைக்கும்னு நினைக்கிறேன்” என்றார். தலையில் அரிசி மூட்டையோடு எதிரே இளைப்பாறிக்கொண்டிருந்த சுமைக்காரர், “நாவல் ஊத்துல இருக்கும்மா, மெதுவா வாங்க” என்றார். எனக்கு அந்த எண் முறை கொஞ்சமும் பிடிக்கவில்லை. நிழலையும் நீரையும் சரிவையும் சொல்லித் தரும் பெயர் கையருகே இருக்கும்போது அதைத் தள்ளிவிட்டு எண்ணைச் சூட்டுவது, கூட்டிவந்தவர்களைக் கண்ணைக் கட்டி நடத்துவதற்குச் சமம்.

அந்தச் சுமைக்காரரிடம் நின்று பேசினேன். மலைமேலுள்ள கோயிலுக்கும் கடைகளுக்கும் வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் இவர்கள் தலையிலும் தோளிலும்தான் ஏறுகின்றன. தாணிப்பாறையில் வாழும் பளியர் பழங்குடியினரும் இந்தப் பாதையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். “அண்ணே, மழை பிடிச்சா எங்க ஒதுங்கணும்?” என்று கேட்டேன். மூட்டையைப் பாறை விளிம்பில் சாய்த்து, தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்துகொண்டே சொன்னார்: “ஒதுங்குறதை விடுங்க சாமி. மாங்கேணி ஓடையில தண்ணி கலங்கலா வந்துச்சுன்னா தாண்டவே கூடாது. அங்கிட்டு இருந்தா அங்கிட்டே, இங்கிட்டு இருந்தா இங்கிட்டே நின்னுரணும்.” 2015 மே மாதம் அமாவாசை வழிபாட்டுக்கு ஏறியவர்கள் திடீர் வெள்ளத்தில் சிக்கிப் பலர் உயிரிழந்த மலை இது. நான் போன அன்று ஓடைகளில் கணுக்கால் அளவுக்குக்கூட நீர் இல்லை. உருண்டு கிடந்த கற்களைப் பார்த்தால் மழைநாளில் அவற்றைப் புரட்டிப்போட்ட நீரின் வேகத்தை ஊகிக்க முடிகிறது. அந்த ஓடையின் பெயர் தெரிந்தவரிடம் “மாங்கேணியில் கலங்கல்” என்று இரண்டு சொல் சொன்னால் போதும், அவர் நின்றுவிடுவார்.

கோரக்கர் குகையையும் இரட்டை லிங்கத்தையும் தாண்டி, மாடுகள் கிடைபோட்ட நினைவைச் சுமக்கும் சின்னப் பசுக்கிடையில் சற்று உட்கார்ந்துவிட்டு, நாவல் ஊற்றை அடைந்தேன். இந்தப் பயணத்தில் நான் உண்ட மிகச் சிறந்த சாப்பாடு அங்கேதான். வத்திராயிருப்பில் 40 ரூபாய்க்கு வாங்கிய புளியோதரை வாழையிலையில் வியர்த்து, இலையின் பச்சை வாசனையும் நல்லெண்ணெயும் வறுத்த நிலக்கடலையும் ஒன்றாகக் கலந்திருந்தது. அதை உண்டுவிட்டு ஊற்றுநீரைக் கையால் அள்ளிக் குடித்தேன். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று நம்பிப் பலர் அந்த நீரைப் பித்தளைச் சொம்புகளில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. குளிர்ச்சியைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். பத்து ரூபாய் கொடுத்தாலும் ஊரில் அப்படிப்பட்ட தண்ணீர் கிடைக்காது. அதற்குமேல் பச்சரிசிப்பாறை, பெரிய பசுக்கிடை, பலாமரத்தடியில் காவல் நிற்கும் பிலாவடிக் கருப்பு. கருப்பைக் கண்டதும் கூட்டத்தில் அத்தனை பேர் முகமும் மலர்ந்தது, சுந்தர மகாலிங்கம் சன்னதி நெருங்கிவிட்டது என்பதால்.

இறங்கும்போதுதான் இந்தப் பெயர்களின் முழு வலுவையும் கண்டேன். ஓர் அம்மாவுக்குக் கால் பிசகி நடக்க முடியாமல் போயிற்று. கைபேசியில் சிக்னல் இல்லை. அவருடைய மகன் கீழே இறங்கிக்கொண்டிருந்தவர்களிடம், “சங்கிலிப்பாறைக்கு மேல, ஓடைப்பக்கம், அம்மாவுக்கு டோலி வேணும்” என்று சொல்ல, அந்தச் செய்தி ஆள் மாற்றி ஆள் வாய்வழியாக இறங்கிப் போனது. நடக்க முடியாதவர்களைத் தூக்கிச் சுமக்கும் டோலிக்காரர்கள் எங்கும் நின்று விசாரிக்காமல் நேரே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நாலாயிரமோ ஐயாயிரமோ கேட்பார்கள் என்று அஞ்சிய மகன் தொகையைக் கேட்டதும், “முதல்ல அம்மாவை இறக்குவோம்பா” என்று சொல்லித் தூக்கினார்கள்.

ஆகவே மலையேறி வந்து படமும் காணொலியும் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “செம வியூ”, “முதல் ஸ்டாப்” என்று எழுதுவதை விட்டுவிட்டு, அந்தப் பாறைக்கு அங்கே நடப்பவர்கள் சொல்லும் பெயரைக் கேட்டு எழுதுங்கள். ஏறப் போகிறவர்கள் குதிரை ஊற்றிலிருந்து பிலாவடிக் கருப்பு வரையிலான பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் உச்சரிப்பு மாறும். மாங்கேணி ஓடையை மாங்கனி ஓடை என்பவர்களும் உண்டு. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் சுமை இறக்கி நிற்கும் ஆளிடம் கேளுங்கள். மூட்டையோடு ஏறிக்கொண்டிருப்பவரை மட்டும் நிறுத்திக் கேட்காதீர்கள், நின்றால் மறுபடியும் கால் எடுத்து வைப்பது அவருக்குப் பெரும்பாடு.