அயோவா கவுண்டித் தலைநகரில் ஒரு மனையின் மூலப்பத்திரம் தேடுவது

1850களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சின்னக் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) ஒன்றின் தலைநகரத்தில் ஒரு மனை யார் யார் கைமாறியது என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஆள் பெயரில் தொடங்கி அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். நிலத்தில் தொடங்கினால் வேலை பாதியாகும்.

அங்கே நிலத்தை டவுன்ஷிப் என்ற சதுரங்களாக அளந்திருப்பார்கள்; ஒரு டவுன்ஷிப் 6 மைலுக்கு 6 மைல். அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். வடகிழக்கு மூலையில் செக்‌ஷன் எண் 1. மேற்கே 6 வரை போய், அதன் நேர்கீழே 7, அங்கிருந்து கிழக்கே திரும்பும். பத்திரத்தில் செக்‌ஷனின் இரண்டு கால்பாகங்கள் (ஒன்றுக்குள் ஒன்றாக) அடுத்தடுத்து வந்தால் கடைசியில் உள்ளதுதான் பெரியது, அதை முதலில் பிடியுங்கள். அளவையில் விழுந்த பிழையை வடக்கு, மேற்கு ஓரங்களில் தள்ளிவிட்டிருப்பார்கள். அங்கே ஏக்கர் கணக்கு பொருந்தாவிட்டால் பத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டாம்.

அடுத்து, மத்திய அரசின் முதல் பட்டா. ராணுவ வாரண்டில் (படைப்பணிக்காக அரசு கொடுத்த நிலச் சீட்டில்) எடுத்த நிலமென்றால் பட்டாவில் பெரும்பாலும் இரண்டு பெயர் இருக்கும். வாரண்ட் பெற்ற படைவீரரோ அவருடைய விதவையோ பெரும்பாலும் அயோவாவை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்; வாரண்டை விலைக்கு வாங்கியவர்தான் நமக்கு வேண்டியவர். பட்டாத் தேதியும் பணம் கட்டிய தேதியும் ஒன்றல்ல, இடைவெளி ஆண்டுக்கணக்கில் போகும்.

நகரின் நடுவே வந்தால் கதை வேறு. 1824-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தலைநகருக்கென்று 160 ஏக்கரை ஏக்கர் 1.25 டாலர் வீதம், அதாவது 200 டாலருக்கு, கவுண்டியே முன்னுரிமையில் வாங்க முடிந்தது. மனை பிரித்து விற்ற காசு பொதுக் கட்டடங்களுக்கு. அதனால் தனி மனைக்கு மத்தியப் பட்டா கிடையாது. கவுண்டியின் மனைப்படமும் குறிப்பேடும்தான் ஆதாரம். தவணையில் விற்ற மனைக்கு முழுப்பணமும் கட்டிய பிறகே கிரயப் பத்திரம் வரும், ஆகவே முதலில் வாங்கியவர் பெயர் குறிப்பேட்டில் மட்டும் நிற்கலாம். அந்தக் குறிப்பேடு 1851-க்கு முன் கவுண்டி ஆணையர்களின் ஏடு, அதன்பின் பத்தாண்டு போலக் கவுண்டி நிர்வாகத்தைப் பார்த்த கவுண்டி நீதிபதியின் ஏடு. வழக்குப் பதிவு என்று நினைத்து நீதிபதியின் ஏட்டைத் திறக்காமல் விடுகிறவர்கள் ஏராளம்.

எல்லை மாற்றம் இன்னொரு தொல்லை. வெப்ஸ்டர் கவுண்டியின் தலைநகர் என்ற இடத்தை 1856-இல் ஃபோர்ட் டாட்ஜ் என்ற ஊர் ஹோமர் என்ற ஊரிடமிருந்து பறித்தது (வாக்குத் தகராறை மல்யுத்தம் நடத்தித் தீர்த்தார்கள் என்று ஊர்க்கதை). பிறகு எல்லை மாறியதால் ஹோமர் இன்று ஹாமில்டன் கவுண்டியில் இருக்கிறது. அதன் பழைய மனைகளுக்கு வெப்ஸ்டர் கவுண்டிப் பதிவையும் பார்த்தே ஆகவேண்டும். புதுக் கவுண்டியில் நகல் இருந்தாலும் நகலெடுத்தவர் பெயரை எப்படி எழுதினாரோ!

பத்திர அட்டவணை முதலெழுத்துவாரியாக இருக்கும், அதற்குள் பதிவான வரிசைதான், அகரவரிசை இல்லை. பத்திரம் எழுதிப் பல ஆண்டு கழித்துப் பதிந்ததும் உண்டு என்பதால் பத்திரத் தேதிக்குப் பிந்தைய பத்து ஆண்டு வரையாவது பாருங்கள். கைமாறிய சங்கிலி நடுவில் அறுந்தால் ஷெரிஃப் (கவுண்டியின் காவல் அதிகாரி) பெயரிலும் கவுண்டிப் பொருளாளர் பெயரிலும் தேடுங்கள்: கடனுக்கும் வரி பாக்கிக்கும் ஏலம்போன மனைகளை விற்றவர் இடத்தில் அவர்கள் பெயர்தான் இருக்கும்.