ஒரு கணக்கை அழிக்க 83 நாள்

"உங்கள் கணக்கு நிரந்தரமாக நீக்கப்பட்டது." நேற்றுக் காலை வந்த மின்னஞ்சலில் இந்த ஒரு வரிதான். இதற்காக 83 நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதில் ஒரு மாதம் என் அவசரப் புத்தியால் போனது, ஒத்துக்கொள்கிறேன். மிச்சமெல்லாம் அவர்கள் கைங்கரியம்.

ஆறு வருடமாக வைத்திருந்த ஷாப்பிங் செயலி, பெயர் வேண்டாம். "தனியுரிமைக் கொள்கையை மாற்றியிருக்கிறோம், தொடர்ந்து பயன்படுத்தினால் உங்களுக்குச் சம்மதம் என்று பொருள்" என்று அறிவிப்பு வந்தது. வழக்கமாகத் தள்ளிவிடுவேன். அன்றைக்கு என்னவோ, படித்துத் தொலைத்தேன். கணக்கே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஐந்து திரை தாண்டி உள்ளே போனால் "கணக்கை முடக்கு" என்று ஒரு பொத்தான். அழுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். ஒன்பதாம் நாள் அவர்களிடமிருந்தே தள்ளுபடிக் குறுஞ்செய்தி! முடக்குவது வேறு, நீக்குவது வேறு. முடக்கினால் கணக்கு நம் கண்ணுக்குத்தான் தெரியாது. அவர்கள் கிடங்கில் எல்லாம் பத்திரமாக இருக்கும். "நீக்கு" என்பது உதவிப் பக்கத்தில் ஏதோ ஒரு கேள்விக்கான பதிலின் கடைசி வரியில், வெளிர் சாம்பல் எழுத்தில் ஒளிந்திருந்தது. பயனரை ஏமாற்றும் இந்த மாதிரி ஜோடனைகளுக்கு ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பு நிபுணர் 2010இலேயே 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் தெரிந்தும் எனக்கு அதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

கண்டுபிடித்ததும் அழுத்திவிடாதீர்கள். முதலில் உங்களைப் பற்றி அவர்களிடம் இருக்கும் தரவின் நகலைக் கேளுங்கள். கணக்கு போனபின் கேட்க வழியிருக்காது. 2011இல் ஆஸ்திரியச் சட்ட மாணவர் மேக்ஸ் ஷ்ரெம்ஸ் ஃபேஸ்புக்கிடம் இப்படிக் கேட்டு வாங்கியது 1,222 பக்கம். அவர் அழித்துவிட்டதாக நினைத்த செய்திகளும் அதில் இருந்தன.

சாட்பாட்டிடம் கேட்டேன், "உங்கள் ஆர்டர் எண்ணைச் சொல்லுங்கள்" என்றது. மூன்று தடவை. வாடிக்கையாளர் சேவையில் ஒருவர் கிடைத்தார்: "சார், அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல." எந்த டிபார்ட்மென்ட் என்று அவருக்கும் தெரியவில்லை. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கொள்கைப் பக்கத்தின் அடியில் தனியுரிமைக்கென ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். நேராக அங்கே எழுதுங்கள்.

எழுதினேன். அரசு அடையாள அட்டையின் ஸ்கேன் வேண்டுமாம், அதைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபியும். என்னைப் பற்றி அவர்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், அவர்களிடம் இல்லாததையும் கொடு என்கிறார்கள்! அனுப்பவில்லை. ஐரோப்பாவில் 2018 மே முதல் நடப்பிலிருக்கும் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கேட்பவர் யார் என்பதில் நியாயமான சந்தேகம் இருந்தால்தான் கூடுதல் அடையாளம் கேட்கலாம். ஒரு மாதத்துக்குள் பதிலும் சொல்ல வேண்டும். இந்த உரிமைகளை எல்லா நாட்டுப் பயனர்களுக்கும் தருவதாக அவர்கள் கொள்கையிலேயே எழுதியிருந்தார்கள். அந்தப் பத்தியை அப்படியே ஒட்டி, "பதிவு செய்த முகவரியிலிருந்துதான் எழுதுகிறேன், என்ன சந்தேகம்?" என்று கேட்டேன். பதினைந்தாம் நாள், சத்தமில்லாமல் ஒரு ஜிப் கோப்பு வந்தது.

ஆர்டர் பட்டியல் எதிர்பார்த்ததுதான். என் தொலைபேசியில் இருந்த அத்தனை எண்களும் அதில் இருந்ததை எதிர்பார்க்கவில்லை. எப்போதோ "நண்பரை அழை" என்பதற்குக் கொடுத்த அனுமதி. வீட்டு உரிமையாளரின் எண், நான் சேமித்திருந்தபடியே "எடுக்காதே" என்ற பெயரில். "குழந்தை உள்ள குடும்பம்: ஆம்" என்று ஒரு யூகம் வேறு. அக்கா மகளுக்கு ஒரே ஒரு பொம்மை அனுப்பியதற்கு!

அன்றே நீக்கக் கொடுத்தேன். 30 நாள் காத்திருப்பு. 27ஆம் நாள், வேலை நடக்கிறதா பார்ப்போம் என்று உள்ளே நுழைந்தேன். "மீண்டும் வருக! நீக்கும் கோரிக்கை ரத்து செய்யப்பட்டது." எட்டிப் பார்த்தால் எண்ணிக்கை முதலிலிருந்து. தயவுசெய்து செயலியை அன்றே தொலைபேசியிலிருந்து எடுத்துவிடுங்கள். கை சும்மா இருக்காது.

இரண்டாவது 30 நாள் தொடவே இல்லை. அதற்குள் இன்னொரு கேள்வியும் அனுப்பியிருந்தேன்: என் தரவை யார் யாருக்குக் கொடுத்தீர்கள்? முதல் பதில், "நம்பிக்கைக்குரிய கூட்டாளிகளுக்கு." பெயர் கேட்டு மறுபடி எழுதியதும் 14 பெயர் வந்தது. அதில் இரண்டைத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

அந்த 14 பேருக்கும் ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒருவர் மட்டும் பதில் போட்டிருக்கிறார். இந்த மின்னஞ்சலில் எந்தப் பதிவும் கிடைக்கவில்லையாம். சரிபார்க்க, என் தொலைபேசி எண்ணும் பிறந்த தேதியும் வேண்டுமாம்.