முகத்துக்கு மீசோதெரபி: ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்

நாற்பதைத் தாண்டியதும் என் முகத்தோல் வறள ஆரம்பித்தது. எந்த க்ரீம் போட்டாலும் மதியத்துக்குள் இழுக்கும். கன்னத்தில் மெல்லிய கோடுகள் வேறு. தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும் போடாக்ஸ் ஊசியில் எனக்கு மனமில்லை, பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசியும் வேண்டாம் என்றிருந்தேன். அப்படித் தேடியபோதுதான் மீசோதெரபி கண்ணில் பட்டது.

இந்த முறையை 1952இல் தொடங்கியவர் மிஷேல் பிஸ்டோர் என்ற பிரெஞ்சு மருத்துவர். தொந்தரவு இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, தோலுக்குள், கொஞ்சமாக மருந்தை ஏற்றுவது அவர் வழி. அவர் அதைப் பயன்படுத்தியது நோய்க்கு. அழகு சிகிச்சையாக அது பரவியது பிற்பாடு. இன்று முகத்துக்கு ஹையலூரானிக் அமிலம் (தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்), வைட்டமின்கள். முடிக்கு மினாக்ஸிடில், டூட்டாஸ்டிரைடு. கொழுப்பைக் கரைக்க டீஆக்ஸிகோலேட். எதை ஏற்றினாலும் பெயர் மீசோதெரபிதான். அதனால் 'மீசோதெரபி நல்லதா' என்று பொதுவாகக் கேட்பதில் பிரயோஜனமே இல்லை. எந்த மருந்து, எந்த இடத்தில், யார் போடுகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

முதலில் போன இடத்தில் அதைத்தான் கேட்டேன். "எங்கள் சொந்தக் கலவை மேடம், வெளியே சொல்வதில்லை" என்றார்கள். என் முகத்துக்குள் போகப்போவதை என்னிடமே சொல்ல மாட்டார்களாம். எழுந்து வந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

அப்புறம் பார்த்த தோல் மருத்துவர், நான் கேட்டதைவிட அதிகமாக என்னைக் கேட்டார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, சர்க்கரை இருக்கிறதா, காயம் பட்டால் தழும்பு தடித்து வளருமா, உதட்டில் அக்கிக் கொப்புளம் வந்ததுண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் போடுவதில்லை என்றார். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கன்றிப்போவது அதிகமாம். ஆனால் இதய மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை அழகுக்காக யாரும் தானாக நிறுத்தக்கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

எனக்கு அவர் தேர்ந்தெடுத்தது வெறும் ஹையலூரானிக் அமிலம். ஃபில்லரில் இருப்பதுபோல் கெட்டிப்படுத்தியது இல்லை, இளகலானது. வைட்டமின் கலவை எதுவும் வேண்டாமா என்றேன். "பத்துச் சரக்கைக் கலந்து போட்டு, நாளைக்கு முகம் தடித்தால் எதைக் குறை சொல்வது?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் அவர்மேல் நம்பிக்கை வந்தது.

போட்டுக்கொள்ளும் நாளில் ஊசியைவிடக் காத்திருப்பதுதான் நீளம். மரத்துப்போகும் களிம்பைப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, ஒரு மணி நேரம் போல உட்கார வைத்தார்கள். பிறகு துடைத்து, கிருமிநாசினி தடவினார்கள். மருந்துப் பெட்டியின் சீலை என் கண்முன்னே பிரித்து, பெயரையும் காலாவதித் தேதியையும் வாசித்துக் காட்டினார் டாக்டர். தொகுப்பு எண் தெரியும்படி நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

நாலு மில்லிமீட்டர் நீளமுள்ள, மயிரிழை போன்ற ஊசி. கன்னத்தில் இடைவெளி விட்டு ஒவ்வொரு புள்ளியாக வைத்தார். ஒவ்வொன்றும் கொசுக்கடி மாதிரி வெளிறிய சின்ன மேடாக எழும்பியது. நெற்றிக்கு வேறு விதம்: சிரிஞ்சை மெல்ல அழுத்திக்கொண்டே, ஊசியைச் சாய்த்து மளமளவென்று மேலோட்டமாகக் குத்திக்கொண்டே போனார். கன்னத்தில் பெரிதாக வலியில்லை. மேலுதட்டுக்கு மேலே வந்ததும் கண்ணில் தண்ணீர் தானாகக் கொட்டியது. அந்த இடத்தில் களிம்பெல்லாம் பேருக்குத்தான். முடிந்ததும் ஐஸ் ஒத்தடம். அன்றைக்கு மேக்கப் கூடாது, முகத்தைத் தேய்க்கக்கூடாது. ஓரிரு நாளைக்கு வெயில், ஆவி பிடிப்பது, கடும் உடற்பயிற்சி கூடாது.

மறுநாள் முகம் நன்றாகப் புசுபுசுவென்று இருந்தது. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வீக்கமும் ஏற்றிய திரவமும்தான் அது. மேடுகள் சீக்கிரமே அமுங்கின. கண்ணுக்குக் கீழே ஒரு இடம் மட்டும் ஊதாவாகக் கன்றி, பச்சையாகி, மஞ்சளாகி, ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத்தான் மறைந்தது. வீட்டில் விசேஷம் எதுவும் வருகிறதென்றால் அதை ஒட்டி இதைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சில வாரம் கழித்து தாடைப் பக்கம் பட்டாணியைவிடச் சின்னதாக ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. உடனே டாக்டரிடம் போனேன். காரணம் இருக்கிறது: சுத்தமில்லாத ஊசியோ மருந்தோ வழியாக, காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் தோலுக்குள் புகுந்துவிடலாம். அவை உடனே முகம் காட்டாது. வாரக்கணக்கில் கழித்துச் சிவந்த கட்டியாக வரும், சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாது, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். டாக்டர் அழுத்திப் பார்த்தார். சிவப்பில்லை, சூடில்லை, வலியில்லை; மருந்து ஒரே இடத்தில் தேங்கியிருக்கிறது என்றார். அது தானாகவே கரைந்தது. கரையும்வரை தினமும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பலன் என்று கேட்டால், சில தடவை போட்டபிறகு தோல் இழுப்பது நின்றது. கன்னத்தின் மெல்லிய கோடுகள் மங்கின. புருவ மத்தியில் முகம் சுளிக்கும்போது விழும் கோடு அப்படியேதான் இருக்கிறது. அது தசையால் வருவது, இந்த ஊசிக்கு அங்கே வேலை இல்லை. கன்னத்துக் கருமையும் போகவில்லை. அதற்கு சன்ஸ்கிரீனைத் தவறாமல் போடச் சொல்லியிருக்கிறார். வந்த பலனும் நிரந்தரமில்லை, ஏற்றிய அமிலத்தை உடம்பே சிதைத்துவிடும். அதனால் சில மாத இடைவெளியில் மறுபடி போட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் புதுப் பெட்டி, என் கண்முன்னேதான் பிரிக்க வேண்டும். டாக்டரும் இப்போது நான் கேட்பதற்கு முன்பே பெட்டியை என் பக்கம் திருப்பிக் காட்டிவிடுகிறார்.