பேக்கரித் தொழிலாளிக்குத் தொழிற்தகைமைச் சான்றிதழ்: மலையகத்துச் சிறு தொழில்தருநர்களுக்காக ஓர் அனுபவப் பகிர்வு

எங்கள் பேக்கரியின் மூத்த தொழிலாளிக்குத் (‘பாஸ்’ என்றே அவரை அழைப்போம்) தேசிய தொழிற்தகைமையின் 4ஆம் மட்டச் சான்றிதழ் அண்மையில் கைக்குக் கிடைத்தது. கிடைத்த மகிழ்ச்சி பெரிதுதான்; ஆனால் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அவரை அலைக்கழித்த விதம் இன்னும் மனத்தை உறுத்துகிறது. நோர்வூட் பக்கத்தில் பாண் போடும் எங்களைப் போன்ற சிறு தொழில்தருநர்கள் மலையகத்தில் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அவர்களுக்கும் அவர்களிடம் வேலை செய்பவர்களுக்கும் சட்டப்படி உள்ள உதவிகள், கேட்டு வாங்கத் தெரியாத ஒரே காரணத்தால் போய்ச் சேராமல் இருக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையையும், 1995இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட தொழிற்பயிற்சி அதிகார சபையையும் பற்றி ஊரில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் இடங்கள் என்ற அளவில்தான் நம்மவர்கள் அவற்றை அறிந்திருக்கிறார்கள். தொழில் நடத்துபவர் தமது இடத்திலேயே பயிலுநர்களைச் சேர்த்துப் பழக்கலாம் என்பதும், ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்கு வகுப்புக்குப் போகாமலே முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் சான்றிதழ் பெற்றுக்கொடுக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. இரண்டாவதாகச் சொன்ன வழிக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழ் தடையாக வருவதில்லை. தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் நிறைந்த நம் தொழிற்கூடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நாங்கள் முதலில் கேட்டுப் போனது பயிலுநர்களைத்தான். பயிற்சி நிறுவனமொன்றின் மாவட்ட அலுவலகத்துக்கு (பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை, அங்கு பின்னால் எங்களுக்கு உதவியவர்களும் இருக்கிறார்கள்) விடியற்காலை பஸ் ஏறி, ஹட்டனில் மாறி, தலவாக்கலை, நானுஓயா வழியாகப் போய்ச் சேர்ந்தபோது, பொறுப்பான உத்தியோகத்தர் வெளிக்களப் பணிக்குப் போய்விட்டார் என்று சொல்லி அனுப்பினார்கள். பேக்கரியில் ஒரு நாள் வேலை கெட்டது. இத்தகைய உத்தியோகத்தர்கள் வாரத்தில் எந்த நாள் மேசையில் இருப்பார்கள் என்பதைத் தொலைபேசியில் கேட்டு, பதில் சொன்னவரின் பதவியையும் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். அலுவலக எண் கிடைக்காவிட்டால் அரச தகவல் நிலையத்தின் 1919 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

அடுத்த முறை அவரைச் சந்திக்க முடிந்தது. தகைமை பெற்ற ஒருவர் மேற்பார்வை செய்யாத இடத்துக்குப் பயிலுநர்களைத் தர முடியாது என்றார். நியாயமான நிபந்தனைதான், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாகப் போறணைக்கு முன்னால் நிற்கும் மனிதர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார் என்று சொன்ன பிறகும், அவருக்குச் சான்றிதழ் பெற வழி உண்டு என்ற ஒரு வார்த்தை அந்த மேசையிலிருந்து வரவில்லை. சில வாரங்கள் கழித்து வேறு அலுவலாகப் பிரதேச செயலகத்துக்குப் போயிருந்தபோது, அங்குள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர்தான் முன்கற்றல் அங்கீகாரம் பற்றி முழுவதையும் விளக்கி, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதியும் கொடுத்தார். ஆகவே மாவட்ட அலுவலகத்துக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் உங்கள் பிரதேச செயலகத்தில் இந்தப் பதவியில் உள்ளவரைத் தேடிப் பிடியுங்கள். மனித வலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் அங்கே இருப்பது இதற்காகத்தான்.

மாவட்ட அலுவலகத்தில் இந்த அங்கீகாரத்துக்கான படிவம் சிங்களத்தில் மட்டுமே நீட்டப்பட்டது. தமிழ்ப் படிவம் கேட்டபோது, முடிந்துவிட்டது என்றும், இதையே யாரையாவது கொண்டு நிரப்பி வாருங்கள் என்றும் எழுதுவினைஞர் சொன்னார். யாரையாவது கொண்டு நிரப்பிய படிவங்கள் தோட்ட மக்களின் வாழ்க்கையில் செய்திருக்கும் நாசத்தை நான் நேரில் பார்த்து வளர்ந்தவன் என்பதால், அங்கேயே ஒரு வெள்ளைத் தாளை வாங்கி, அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரைப்படி தமிழும் அரசகரும மொழி என்பதைக் குறிப்பிட்டு, விண்ணப்பப் படிவத்தைத் தமிழில் தரும்படியும், தர இயலாவிட்டால் அதை எழுத்தில் அறிவிக்கும்படியும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். குரலை உயர்த்தவில்லை. சற்று நேரத்தில் உள்ளே இருந்த அலுமாரியிலிருந்து தமிழ்ப் படிவம் வந்தது. அன்று வெளியே வந்தபோது எனக்கிருந்த நிறைவை எங்கள் பாஸ் முகத்திலும் கண்டேன்.

அதோடு தடைகள் முடியவில்லை. பாஸின் பிறப்புச் சான்றிதழில் அவருடைய பெயரும் தகப்பன் பெயரும் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்த விதம் வேறு, தேசிய அடையாள அட்டையில் உள்ள விதம் வேறு. தோட்டங்களில் பிறந்தவர்களில் பாதிப்பேருக்காவது இந்தத் தொல்லை இருக்கும் என்றே நினைக்கிறேன். பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி எங்கள் கோவையை மூடி வைத்தார்கள். திருத்தம் செய்வதென்றால் அது தனியே ஒரு நீண்ட வேலை. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் செய்த சத்தியக்கடதாசியும், கிராம உத்தியோகத்தர் வழங்கிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட சான்றிதழும் போதுமா என்று மேலதிகாரியிடம் நேரே கேட்டபோது, அவர் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். முன்மேசையில் கேட்ட ‘முடியாது’ என்ற பதிலோடு திரும்பிவிடாமல், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரைச் சந்திக்க அனுமதி கேளுங்கள்.

சேவைக் கடிதத்தையும் திருப்பி அனுப்பினார்கள். நல்லொழுக்கமுடையவர், நீண்டகாலம் பணியாற்றுகிறார் என்று பொதுவாக எழுதப்படும் கடிதம் இதற்கு உதவாது. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு பயணம் மிஞ்சியிருக்கும். கடிதத் தலைப்பில், வணிகப் பெயர்ப் பதிவு இலக்கத்துடன், எந்த ஆண்டிலிருந்து வேலை செய்கிறார், மா பிசைதல், நொதிக்க வைத்தல், நிறுத்து வெட்டுதல், போறணையின் சூடு பார்த்தல், பணிஸ் வகைகள், கேக் என்று எந்தெந்த வேலைகளைத் தனித்துச் செய்கிறார், யாரை மேற்பார்வை செய்கிறார் என்பதை வேலைவாரியாக எழுதி, ஒப்பத்துக்குக் கீழே இறப்பர் முத்திரை பதித்துக் கொடுக்க வேண்டும். பிறரை வழிநடத்தும் பொறுப்பைக் கடிதத்தில் விட்டுவிட்டால், 4ஆம் மட்டத்துக்குரியவர் 3ஆம் மட்டத்துக்கு மட்டும் பரிந்துரைக்கப்படக்கூடும். ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய 8 சதவீதத்தையும் எங்களுடைய 12 சதவீதத்தையும் ஒழுங்காகச் செலுத்தி வந்திருந்ததால், அந்தப் பதிவே சேவைக்காலத்துக்கு மறுக்க முடியாத அத்தாட்சியாக நின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வலியுறுத்தும் உணவு கையாள்பவருக்கான மருத்துவச் சான்றிதழையும் கோவையில் சேர்த்தோம்.

புகைப்படங்கள், கட்டணம், முதற்கட்ட நேர்முகம் எல்லாம் சிரமமின்றி நடந்தன.

இறுதி மதிப்பீடு எங்கள் பேக்கரியிலேயே நடந்தது. “தம்பி, எனக்கு எழுதவெல்லாம் வராது, செஞ்சு காட்டச் சொன்னா எதையும் செஞ்சு காட்டுவேன்” என்று பாஸ் முந்திய இரவு முழுவதும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். மதிப்பீட்டாளருக்குத் தமிழ் தெரியுமா என்பதே என் கவலை. முன்கூட்டியே எழுத்தில் கேட்டிருந்தும், வந்தவருக்கு நான்கைந்து தமிழ்ச் சொற்களுக்கு மேல் தெரியாது. தொழில்தருநர் மொழிபெயர்த்தால் பதிலைச் சொல்லிக்கொடுத்ததாகக் குற்றம் வரலாம் என்பதால், இரு மொழியும் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அழைத்து வைத்திருந்தேன். மதிப்பீட்டாளர் அதை ஏற்றுக்கொண்டார்.

மா எவ்வளவு நேரம் நொதிக்க வேண்டும் என்று கேட்டபோது, தரநூலில் உள்ள வழக்கமான நேரத்தை பாஸ் சொல்லவில்லை. மார்கழி, தை மாதக் குளிரில் இங்கே அந்த நேரம் போதாது என்றும், ஈஸ்ட் வேலை செய்யும் வரை தொட்டியைப் போறணைச் சுவருக்கு அருகில் நகர்த்தி வைப்பதாகவும் சொல்லிவிட்டு, மாவிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு விரல்களுக்கிடையில் மெல்லியதாக விரித்துக் காட்டினார். அது கிழியவில்லை. ஓர் இறாத்தல் பாணுக்கு எவ்வளவு மா வெட்டுவீர்கள் என்ற கேள்விக்கு, 500 கிராமுக்குச் சற்று மேல் என்றார். வெந்து இறங்கும்போது நீர் வற்றி எடை குறையும். 2024இல் வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்ட 450 கிராமுக்குக் குறைந்தால் வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் என்று காரணமும் சொன்னார். மதிப்பீட்டாளர் தராசைக் கேட்டு, ஆறிய பாணொன்றைத் தாமே நிறுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளில் பாதி, தாம் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டவை போலவே எனக்குத் தோன்றின. ஒருவேளை ஏதேனும் ஓர் அலகில் தேர்ச்சி போதாது என்று முடிவானாலும் அந்த அலகுக்கு மீண்டும் தோற்றலாம் என்பதை உங்கள் ஆட்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயம் பாதியாகக் குறையும்.

சான்றிதழ் வருவதற்கு நீண்ட காலம் எடுத்தது. இடையிடையே கேட்டுக்கொண்டே இருக்காவிட்டால் கோவை இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சிடுவதற்கு முன்னால் பெயரின் எழுத்துகளைச் சரிபார்க்க அனுமதி கேட்டு, அடையாள அட்டையில் உள்ளபடியே இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டோம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் சான்றிதழின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்க முடியும் என்பதால், அங்கே தவறாகப் பதிவானால் பின்னால் வெளிநாட்டு வேலைக்குப் போகும் இளைஞர்களுக்குப் பெரும் சிக்கலாகும்.

சான்றிதழ் பெற்றுக்கொடுத்தால் ஆள் வளைகுடாவுக்குப் போய்விடுவான் என்று சில பேக்கரி உரிமையாளர்கள் என்னிடம் சொன்னார்கள். போக நினைப்பவர் சான்றிதழ் இல்லாமலும் போகிறார். போய், தொழில் தெரிந்தும் தொழில் தெரியாதவரின் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். அதைத் தடுப்பது நமது கடமை என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது பாஸின் மேற்பார்வையில் இரண்டு பயிலுநர்களுக்கான ஒப்பந்தம் தயாராகிறது. வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்தபட்ச வயது 2021முதல் 16. 18 வயதுக்குட்பட்டவர்களை இரவில் வேலை வாங்குவதையும் சட்டம் கட்டுப்படுத்துவதால், நள்ளிரவில் தொடங்கும் எங்கள் பிசைதல் வேலைக்கு 18 வயது நிறைந்தவர்களை மட்டும் கேட்டிருக்கிறோம். அடுத்து, பணிஸ் பகுதியில் உள்ள அக்காவுக்கான விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டோம். தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளரே வேண்டும் என்ற கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் பிரதியையும் பற்றுச்சீட்டையும் வைத்திருக்கிறேன். அவ்வாறான ஒருவரை ஒதுக்கியிருப்பதாக எழுத்தில் பதில் வந்திருக்கிறது.