1 நிமிடம் 48 நொடிப் பாட்டுக்கு ஓர் அறிமுகம்

அக்கா மகன் நண்பர்களோடு சேர்ந்து ஒரு பங்க் ராக் குழு நடத்துகிறான்; வேகமும் இரைச்சலுமான பாட்டு வகை அது. "மாமா, புது சிங்கிள் வருது. நீங்கதான் எப்பவும் எதையாவது எழுதிக்கிட்டே இருப்பீங்களே, ஒரு அறிமுகம் எழுதிக் குடுங்க" என்றான். சரி என்று சொன்னதுதான் வினை.

பாட்டை ஓடவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். துடைத்து மாட்டிக்கொண்டு உட்காருவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. "டீசர் நல்லாருக்குடா, முழுப் பாட்டு எப்போ?" என்று கேட்டுத் தொலைத்தேன். அதுதான் முழுப் பாட்டாம். அரை நாள் என்னோடு பேசவில்லை.

பாட்டின் விஷயம் என்னவென்றால், அம்மா கூப்பிட்டு எடுக்காமல் விட்ட 7 மிஸ்டு கால். ரமோன்ஸ் என்ற பழைய அமெரிக்க பங்க் குழு மேடையில் "ஒன் டூ த்ரீ ஃபோர்" என்று கத்திவிட்டுத்தான் பாட்டுக்குள் பாயும். இவர்கள் அந்த எண்ணிக்கையை 7 வரை இழுத்து அதையே கோரஸ் ஆக்கிவிட்டார்கள். ஆறு வரை கத்துகிறவன் ஏழில் குரல் உடைந்து நிற்கிறான். மூன்றாம் முறை கேட்டபோதுதான் எனக்கு அது உறைத்தது. உறைத்ததும் தொண்டையில் ஏதோ அடைத்தது. பயலிடம் சொல்லவில்லை.

அடுத்து 'யாருடைய தாக்கம்' என்ற பத்தி. இங்கேதான் குடுமிப்பிடி. கிடார்க்காரன் ரமோன்ஸ் கட்சி. 1976-ல் வந்த முதல் ஆல்பம், 14 பாட்டு, மொத்தமே அரை மணி நேரத்துக்குள். "ஜானி ரமோன் கை கீழ்நோக்கி மட்டும்தான் அடிக்கும் சார், மேல வரும்போது கம்பியைத் தொடாது. அந்த இரைச்சலே தனி" என்று அந்தக் குழுவின் கிடார்க்காரரைப் புகழ்ந்து, கம்பியை மீட்டும் தன் பிக்கை நீட்டினான். ஒரு முனை மட்டும் தேய்ந்து மொண்ணையாகியிருந்தது. நானும் வாங்கி ஒரு பாட்டு நேரம் அடித்துப் பார்த்தேன். மறுநாள் காலை பல் விளக்க இடது கைதான் உதவியது.

பேஸ் கிடார் வாசிக்கிற பெண் பஸ்காக்ஸ் கட்சி. இங்கிலாந்தின் மான்செஸ்டர்க்காரர்கள். ஊரே அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்க, அந்தக் குழுவின் பீட் ஷெல்லி அதே வேகத்தில் காதல் தோல்வியைப் பாடினாராம். 1977 ஜனவரியில் வந்த முதல் இசைத்தட்டை வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கித் தாங்களே வெளியிட்டார்கள். அந்த மரபு இன்றும் உயிரோடிருக்கிறது என்பதற்கு நானே சாட்சி. இந்த சிங்கிளின் ஸ்டுடியோ வாடகை இன்னும் எனக்குத் திரும்பி வரவில்லை.

டிரம்மர் அதிகம் பேசமாட்டான். அவன் சொன்ன ஒரே பெயர் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங். வாஷிங்டன் குழு, 1985-ல் ஆல்பம் போட்டது. பங்கிலேயே இன்னும் முரட்டு வகையான ஹார்ட்கோர் வேகத்தில் மனசைத் திறந்து வைத்தவர்கள். இப்படி உணர்ச்சி கொட்டும் பங்குக்கு வைத்த பெயர் என்று நான் அப்பாவியாக 'இமோ' என்று எழுதினேன். குச்சி பறக்காத குறை. அந்தக் குழுவுக்கே அந்தப் பெயர் பிடிக்காதாம். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

ஒன்பதாவது திருத்தத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். அறிமுகத்தை வாசித்து முடிக்க நான்கு நிமிடம் ஆகிறது. அதற்குள் பாட்டை இரண்டு தடவை கேட்டுவிடலாம்.

முதலில் அக்காவுக்குத்தான் அனுப்பினேன். பாட்டைக் கேட்டபோது, "ஏன்டா தம்பி இப்படிக் கத்துறான், தொண்டை என்னத்துக்காகும்?" என்று மட்டும் கேட்டவள். நான் எழுதியதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அது என்னைப் பத்தியா?"

"ஆமாக்கா."

"இரு, அவனுக்குப் போடுறேன்" என்று வைத்துவிட்டாள்.

பத்து நிமிடத்தில் மறுபடியும் அவளே.

"எங்கடா இருக்கான் அவன்? மூணு தடவை அடிச்சிட்டேன், எடுக்க மாட்டேங்குறான்."

ஒத்திகையில் இருந்தான்.