மூன்று வருட இலை

2024 ஜூன் 8, சனி. வூஹான்

காலைச் சந்தையில் இன்று கீரைக் கட்டை விட ஆய் கட்டுதான் அதிகம். திங்கட்கிழமை துவான்வூ, டிராகன் படகுத் திருவிழா. ஆய் என்பது இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் மருந்துச் செடி. ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். மேலே பச்சை, அடியில் சாம்பல் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்தது போல மெல்லிய ரோமம். கசக்கி மோந்ததும் மதுரைப் பூக்கடை நினைவுக்கு வந்தது. மரிக்கொழுந்தும் இதுவும் ஆர்ட்டிமீசியா என்ற ஒரே பேரினம். ஆனால் இதில் கசப்பு தூக்கல், கொஞ்சம் கற்பூரம் வேறு.

ஜூன் 10, திங்கள்

கீழ்வீட்டுப் பாட்டி என் கதவிலும் ஒரு கட்டு கட்டிவிட்டுப் போனார். ஆயோடு வாள் மாதிரி நீண்ட இலைகள். பெயர் சாங்பூ என்றார். தேடிப் பார்த்தால், அட, நம் வசம்பு! பிள்ளைக்கு வளையலாகக் கட்டி, பெயரைக்கூடச் சொல்லாமல் 'பேர் சொல்லாதது' என்போமே, அதே செடி. நாம் கிழங்கை எடுக்கிறோம், இவர்கள் இலையை வாளாக வாசலில் நிறுத்துகிறார்கள். சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் வெயிலும் ஈரமும் சேர்ந்து நோய் பெருகும் காலம். அந்தப் பயம் இரண்டு ஊருக்கும் பொதுதான்.

ஜூன் 12, புதன்

மழை. பழைய முழங்கால் வலி. பாட்டி சுருட்டு போன்ற ஆய் குச்சியைப் பற்றவைத்தார். முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் தள்ளி, வெளிப்பக்கம், சூசான்லீ என்ற புள்ளி. தோலில் படாமல் இரண்டு விரல் உயரத்தில் பிடித்தார். சுரீரென்று சுடவில்லை, வெந்நீர் ஒத்தடம் போல மெல்ல உள்ளே இறங்கியது. பதினைந்து நிமிடம். தோல் சிவந்ததும் நிறுத்தினார்.

இரவு நன்றாகத் தூங்கினேன். ஆய்தான் குணமாக்கியது என்று மருத்துவ மாணவனாக நான் சொல்ல மாட்டேன். சூடும் பாட்டியின் கையும் சேர்ந்து வேலை செய்தன என்பேன். புகை அதிகம், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. ஊசி குத்துவதும் இப்படிச் சூடு காட்டுவதும் சேர்ந்த வைத்தியத்துக்குச் சீனப் பெயர் ஜென்ஜியூ. ஜென் ஊசி, ஜியூ சூடு. ஊசியைத்தான் உலகம் எடுத்துக்கொண்டது, சூட்டை அநேகம் பேர் மறந்துவிட்டோம்.

ஜூன் 16, ஞாயிறு

பாட்டியின் ஊர் சீச்சுன். மூலிகை நூல் எழுதிய லி ஷிச்சென் 1518இல் பிறந்த ஊர். அவருடைய அப்பாவே அந்த ஊர் ஆயைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதியவர் என்று பாட்டி பெருமையோடு சொன்னார்.

இன்று ஆய் குச்சி செய்ய இலையை உரலில் இடித்தோம். புதிய இலை இல்லை, 2021இல் அறுத்து நிழலில் உலர்த்தியது. புது இலையில் எண்ணெய் அதிகம், சூடு முரட்டுத்தனமாக வரும். பழசானால் பதமாக எரியும். ஏழு வருட நோய்க்கு மூன்று வருட ஆய் தேடுவதைப் பற்றிப் பழைய சீனத் தத்துவஞானி மென்சியஸ் சொல்லியிருக்கிறார்: முன்னாலேயே சேர்த்து வைக்காதவனுக்கு ஆயுசுக்கும் கிடைக்காது.

இடிக்க இடிக்கக் காம்பும் தூளும் சல்லடையில் உதிர்ந்தன. அடி ரோமம் மட்டும் பஞ்சாகத் திரண்டது. ஒரு கூடை இலைக்கு இரண்டு கை அளவுதான். கை வலித்தது. அப்புறம் பாட்டி இந்த வருட இலையைப் பையில் போட்டு, '2024' என்று எழுதிச் சிவப்பு நூலால் கட்டினார். 2027இல் பிரிக்க வேண்டும். என் படிப்பு 2026இல் முடிகிறது. சொன்னேன். பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொரு பையை எடுத்துப் பாதி இலையைப் பிரித்து, அதில் என் பெயரை எழுதச் சொன்னார். தமிழில் எழுதினேன்.